உன் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு தொட்டி

அன்பு மகள் சுஹைலாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் அண்ணன் நாயிஃபும் சுகம்தான். என் முதுகு மட்டும் நிமிர மாட்டேன் என்கிறது, ஆனால் அது சந்தோஷமாக வாங்கிக்கொண்ட வலி, காரணம் கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் எல்லைக்கு அப்பால் ஜரமானாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை மேட்டில் நின்று ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தினேன், பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது, பள்ளத்துக்கும் எல்லை வேலிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து நீ கையை ஆட்டி ஆட்டி "என்னம்மா ஆச்சு, ஒண்ணும் கேக்கலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அதனால்தான் செஞ்சிலுவைக்காரர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ படபடவென்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாய். நம் தொட்டி பிழைத்துவிட்டது. இடிக்க வந்தவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்!

நீ கல்யாண உடையோடு அந்தப் பக்கம் போன வருஷமே மேல்தோட்டத்து ஆப்பிள் மரங்கள் வாட ஆரம்பித்தன, உனக்கே தெரியும். ஊரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் நம்மைக் கிணறு வெட்ட விடுவதில்லை, குளத்துத் தண்ணீரோ குழாய் வழியாக அவர்கள் தோட்டத்துக்குப் போகிறது, நம் மரம் பட்டுப்போனால் தரிசு என்று சொல்லி நிலத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஊரில் எல்லோரும் இரும்புத் தொட்டி கட்டி மழையையும் பனியையும் பிடித்துவைக்கிறார்கள், ஆனால் புத்தியுள்ளவர்கள் மரங்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கட்டுகிறார்கள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? மேல்விளிம்பில், மொட்டைப் பாறை மேல், ராணுவச் சாலைக்கும் அவர்கள் முகாமுக்கும் நேர் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். கேட்டால், "வெள்ளிக்கிழமை பிள்ளை அங்க வந்து நிக்கிறப்போ அவ கண்ணுல படணும்டி, நம்ம மரத்துக்குத் தண்ணி இருக்குன்னு அவ தெரிஞ்சுக்கணும்" என்றார். பக்கத்துத் தோட்டத்து ஹம்மூத் மாத்தே இலைத்தேநீர் குடிக்க வந்தவர், உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே உன் அப்பாவிடம், "அபூ நாயிஃப், கையோட ஒரு கொடியும் நட்டுருங்க, ஜீப்புல போறவனுக்கு வழி கேக்குற சிரமம் இருக்காது" என்று கிண்டல் செய்தார். நானும் விட்டேனா, சாப்பிடும்போதும் திட்டினேன், துணி துவைக்கும்போதும் திட்டினேன்.

ஹம்மூத் வாய் முகூர்த்தம் பலித்தது. கடைசித் தகட்டைப் பற்றவைத்து முடித்த வாரமே ஜீப் வந்து தொட்டியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனது, அனுமதி இல்லாத கட்டுமானம், அகற்றப்படும் என்று. மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு கட்டிய தொட்டி, உள்ளே ஒரு சொட்டு இல்லை. உன் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கிளை வெட்டும் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஹைஃபாவிலிருக்கும் வக்கீல், நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம், ஆனால் கொஞ்ச நாள் அவகாசம் வேண்டும், அதற்குள் இடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் நம் தலைக்கு மேலிருக்கும் ஷேக் மலை பனியைக் கொட்டத் தொடங்கியது. அப்படி ஒரு பனியை நீ பார்த்ததே இல்லை, கதவைத் திறக்க முடியவில்லை, கீழிருந்து வரும் சாலை மூடிப்போய் அவர்களுடைய இடிக்கிற வண்டி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

பனி நின்றதும் நாயிஃப் என்ன நினைத்தானோ, டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வந்து, "அப்பா, வெறும் தொட்டின்னா பிரிச்சுப் போட்டுருவான், ரொம்பின தொட்டியில கை வெச்சா அவன் முகாம்தான் முங்கும்" என்றான். உன் அப்பா எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த அரை மணியில் தெருவே மண்வாரியும் தகரமுமாக வந்து நின்றது. யாரையும் கூப்பிடவில்லை, நம் ஊரில் இதற்கெல்லாம் கூப்பிட வேண்டுமா? ஆண்கள் வண்டியில் பனியை வாரி ஏற்ற, பெண்கள் நாங்கள் ஏணியில் வரிசையாக நின்று கைமாற்றிக் கொட்ட, பள்ளிக்கூடத்து வாத்தியார் உள்ளே இறங்கிக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். ஹம்மூத்தின் டிராக்டர்தான் அதிக நடை அடித்தது, ஆனால் வாய் ஓயவில்லை, "வேலியோரமா தொட்டி கட்டுன மகராசனுக்காக என் இடுப்பு போச்சு" என்று ஒவ்வொரு நடைக்கும் புலம்பினார். நான் பெரிய பானையில் பயறும் கோதுமை நொய்யும் வேகவைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கீழ்ச் சாலையில் அவர்கள் பனி தள்ளும் சத்தம் நெருங்க நெருங்க எங்கள் கையும் வேகமானது. விளிம்பு வரை வெள்ளையாக ஏறிவிட்டது சுஹைலா, நானே ஏறிப் பார்த்தேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். அதிகாரி துப்பாக்கிக் கட்டையால் தொட்டியை ஓர் இடி இடித்தான், கணீரென்று கேட்கும் என்று நினைத்திருப்பான், தொம்மென்று கேட்டது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தான், திரும்பிக் கீழே தன் சாலையையும் முகாமையும் பார்த்தான். கூட வந்த பொறியாளன் தலையை ஆட்டிவிட்டு, "இப்ப வெட்டினா இத்தனையும் நம்ம கூடாரத்துல போய்த்தான் நிக்கும்" என்றானாம், அவர்கள் மொழி தெரிந்த நாயிஃப் சொன்னான். அதிகாரி உன் அப்பாவைப் பார்த்து, "இந்த இடத்துல கட்டச் சொல்லி உனக்கு யார் யோசனை கொடுத்தது?" என்று கேட்டான். உன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "என் பொண்ணு" என்றார். பனி உருகட்டும், குழாய் வைத்து இறைத்துவிட்டுப் பிறகு இடிக்கிறோம் என்று போனார்கள். அந்த இடைவெளி போதுமாக இருந்தது, வக்கீல் தடை உத்தரவு வாங்கிவிட்டார், தாளைக் கிழித்து அடுப்பில் போட்டது நான்தான். இப்போது ஹம்மூத் ஊரெல்லாம், "நான் அப்பவே சொன்னேன், உசரத்துல கட்டுங்கன்னு" என்று சொல்லித் திரிகிறார். உன் அப்பாவோ மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் கணக்குப் போட்டுத்தான் கட்டியது போல நடக்கிறார். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன், அதுவே அவருக்குப் பெரிய பட்டம்.

நீ சரியாகச் சாப்பிடு, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, மாமியார் ஒன்று சொன்னால் உடனே முகத்தைத் தூக்காதே, நியாயமில்லாமல் சொன்னால் நீயும் சொல்லிவிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் காற்று என் பேச்சைக் கொண்டுபோனாலும் கவலைப்படாதே, உன் அப்பா சுத்தியலால் தொட்டியைத் தட்டுவார். இப்போது தொம்மென்றுதான் கேட்கும், உன் காதுவரை வராது. கோடை முடிந்து, தண்ணீர் இறங்கி, ஒரு நாள் கணீரென்று பள்ளம் தாண்டி வந்து உன் நெஞ்சில் இடிக்கும். தொட்டி காலியாகிவிட்டதே என்று அழாதே மகளே, அவ்வளவையும் நம் மரங்கள் குடித்துவிட்டன என்று அர்த்தம்.

கடவுள் உன்னை நிறைவாக வைத்திருக்கட்டும். கல்யாணமாகி அந்தப் பக்கம் போனவர்கள் திரும்ப முடியாது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் ஒரு நாள் அடுப்பில் போடுவேன்.

முதுகு வலித்தாலும் தலை நிமிர்ந்து நிற்கும்,
உன் அம்மா,
உம்மு நாயிஃப்