டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தண்ணீர்

ஆயுத பூஜை, இரவு. காவலூர்.

சாப்பிட்டுப் படுத்த அண்ணன் எழுந்தபோது வாய் கோணியிருந்தது; வலக்கை அசையவில்லை. காரில் கிடத்தினோம். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மீது வைத்து, அண்ணியைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறி இல்லை. பொறியியல் படித்தவன் அல்லவா. பிளக், காயில், ஒயர் என்று வரிசை தவறாமல் சோதித்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியாக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர்.

காலையில் பூஜைக்காக அண்ணன்தான் எஞ்சினைக் கழுவினார். ஆண்டுதோறும் தடுக்கிறேன். "வருஷத்துல ஒரு நாளு அதுவும் குளிக்கட்டுமேடா. உன் படிப்பு இன்னா கரைஞ்சா பூடும்?" என்று சிரித்தார். அதைக் கேட்டிருந்தும் மூடியை முதலில் திறக்க எனக்குத் தோன்றவில்லை. துடைத்ததும் கார் உடனே கிளம்பியது.

வாணியம்பாடியில் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்ங்க."

"வண்டிக்கு இன்னாதான் ஆச்சு, தம்பி?" என்றார் அண்ணி.

"பழைய வண்டி, அண்ணி."

கட்டிலில் கிடந்த அண்ணன் என்னையே பார்த்தார். எஞ்சினைக் கழுவியவர்; அவருக்குத் தெரியும். என்மேல் கோபமா என்பது முதல் அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் அனைத்தும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. அவருக்குத்தான் பேச்சு இல்லை.