ஒண்ணாம் நம்பர் நடக்குதா?

மச்சான், இன்று காலை நம் போர்டிலிருந்து ‘மோ’ உதிர்ந்து விழுந்தது. மரக்காணத்து உப்புக் காற்றுக்கு எந்தப் பெயின்ட்தான் நிற்கிறது? நாற்காலியில் ஏறித் துடைத்தேன். அடியில் பழைய ‘ஓ’ பத்திரமாக இருந்தது. சிரித்துக்கொண்டே உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

ஈ.சி.ஆர். புதிதாகப் போட்ட சமயம். உன் தங்கச்சியை நான் கட்டிய மறு வருஷம் ரோட்டோரமாக நாலு அறை கட்டினோம். ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்து கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்த நீ, வெள்ளைக்காரர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து வந்தாய். “கார்ல வர்றவங்க தங்கிட்டுப் போற எடம். மோட்டல்னு எழுதணும்.” பெயின்டர் நம்மைவிட விவரமானவர். நாம் தப்பாக எழுதிக் கொடுத்ததாக நினைத்து, தாமே திருத்தி, ‘ஓட்டல்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

திறந்த அன்று கார் வரவில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்துபோன கூட்டம்தான் வந்தது. “டிபன் இன்னா இருக்குது?” என்று கேட்டார்கள். நான் போர்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். நீ என் தோளைப் பிடித்துத் தள்ளினாய்.

“பசியோட வந்தவங்ககிட்ட எழுத்துப் பிழைன்னு சொல்லுவியா? உட்காருங்க, பத்து நிமிஷம்!”

ஒண்ணாம் நம்பர் அறையிலிருந்த புதுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, அங்கே அடுப்பைப் பற்ற வைத்தாய். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. உப்புமா முழுக்கக் கட்டி. அதையும் வழித்துச் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறை சமையலறை. தங்க வருகிறவர்கள் இரண்டு, மூன்று, நாலு என்ற சாவிகளைப் பார்த்து ஒண்ணு எங்கே என்று கேட்டால், “அதுல சாம்பார் தங்கியிருக்குதுங்க” என்பாய்.

அப்போதெல்லாம் ரேடியேட்டர் கொதித்து நின்ற குடும்பம், புதுச்சேரி போகும் வழியில் களைத்துப்போன புது ஜோடி என்று யாராவது தங்கினார்கள். ரோடு அகலமாக ஆக, கார்கள் நிற்பதை விட்டுவிட்டன. நம் வரிசையில் ஒரு லாட்ஜ் கல்யாண மண்டபமானது, இன்னொன்று டூவீலர் ஷோரூம் ஆனது. நமக்கு ஓடியது ஒண்ணாம் நம்பர் மட்டும்தான். எனக்கோ அதில்தான் எரிச்சல். கட்டியது மோட்டல், ஊர் சொல்வது ஓட்டலா?

நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்ததும் அடுப்பை அணைத்தேன். ஒண்ணாம் நம்பரில் ஏ.சி. மாட்டி, கட்டில் போட்டு, ‘ஓ’ மேல் ‘மோ’ எழுதி போர்டையும் திருத்தினேன். உன்னை ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன், பாவி. நீ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய்: “ஒண்ணாம் நம்பர் நடக்குதா?”

“நடக்குது மச்சான்” என்றேன். நீ கண்ணை மூடிச் சிரித்தாய். மறுநாள் நீ இல்லை. அந்தப் பொய்யைப் பற்றி இத்தனை நாளும் உன் தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று நான் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உப்பு வாரி முடித்து வந்த ஐந்து பெண்கள், கால் முட்டிவரை வெள்ளை பூத்திருந்தது.

“ஏன் அண்ணே, திரும்ப ஓட்டல் போட்டுட்டீங்களா? சாப்பிட எதுனா இருக்குதா?”

பெயின்ட் உதிர்ந்த கதையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“உட்காருங்க, பத்து நிமிஷம்.”

உன் தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரண்மேலிருந்த அடுப்பை இறக்கச் சொன்னாள். கட்டிலை நானே இழுத்து வெளியே போட்டேன். ரவையும் நானே கிண்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. அதே கட்டி. திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒண்ணாம் நம்பர் நடக்குது மச்சான். இப்போது கேள், நடக்குது.