ஒரு சீட்டுக்கு இரண்டு வீடு

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே மழை. தகரத்தில் புது ஓட்டை, அடுப்புக்கு நேர் மேலே. குண்டானை வைத்தாயிற்று. இனி அடைத்து என்ன ஆக. காலனி முழுவதையும் இடித்து, இதே இடத்தில் நமக்கே ஃபிளாட் கட்டித் தரப் போகிறார்கள்.

வீட்டுத் திட்ட ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். சின்ன வயசு. நனைந்த சுரிதாரோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அனு படுத்திருப்பதைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: மகள் நடக்க முடியாதவள், அதனால் எனக்குக் கீழ்த்தளம் உறுதி. மற்ற வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கல். சந்தோஷத்தில் சர்க்கரை போடாமல் காப்பி கொடுத்திருக்கிறேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு லீலா சேச்சிக்கு எந்த மாடி?

ஜூன் 10, செவ்வாய்

காலை டியூட்டி. ஆஸ்பத்திரி வார்டு துடைக்கும்போதெல்லாம் அதே யோசனை. நான் வேலைக்குக் கிளம்பினால் திரும்பும்வரை அனுவுக்கு எல்லாம் சேச்சிதான். கஞ்சி ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க, துணி மாற்ற. நான் வந்ததும் சேச்சி ரோட்டோரம் காய்கறி விற்கப் போவார். அனுவின் அப்பா இறந்ததிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. சேச்சிக்கு வேறு பிளாக்கில் மேல் மாடி என்றால்? முட்டு வலிக்காரி.

சாயங்காலம் சொன்னேன். பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ தாழெ போ செல்வி. குட்டிக்கு அதாக்கும் நல்லது."

"நீங்க?"

"எனக்கெந்தா, ஒத்தைக்கட்டை. எங்க போட்டாலும் கிடப்பேன்."

அவ்வளவுதான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கும் அலுத்துப் போயிற்றோ. இத்தனை வருஷம் செய்ததே பெரிசு.

ஜூன் 12, வியாழன்

வாங்க: அனு மாத்திரை, துணி சோப்பு, சேச்சிக்கு முட்டு எண்ணெய்.

ஆபீஸுக்குப் போனேன். மலையாளத்தில் தொடங்கினேன், பாதியில் தமிழ் வந்து விழுந்தது. சேச்சிக்கு என் பக்கத்திலேயே வீடு கொடுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்களே என்றார் மேடம். கேட்கட்டுமே, பழகிய ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் புது வீடு எதற்கு என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. ஞாயிறு கூட்டத்தில் சொல்லுங்கள், நானும் மேலே கேட்கிறேன் என்றார்.

வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தேன். நன்றாகவே சிதறியது.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டம். தார்ப்பாய்க்குக் கீழே, பாதிப் பேர் குடையோடு. எழுந்து சொன்னேன். நாலாம் வீட்டு முருகன், தையல்காரன், பின்னாலிருந்து:

"கீழ் வீடும் வேணும், பிள்ளையைப் பாக்கச் சம்பளமில்லாத ஆளும் வேணுமாக்கும்?"

சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

அப்போது லீலா சேச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"டேய் முருகா. இவளுக்கு நான் வேணும்னா நெனச்சே? எனக்காக்கும் அந்தக் குட்டி வேண்டியது. காலம்பற கதவத் தொறந்தா என்னப் பாத்துச் சிரிக்க வேற ஆருண்டு எனக்கு?"

முருகன் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாக, "அப்படின்னா எங்க அக்கா வீடும் என் பக்கத்துல வேணும்" என்றான். அதன் பிறகு ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது கேட்டேன், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"உன் பக்கத்துல வேணும்னு சொன்னா நீ தாழெ வீட்ட வேண்டாம்னுருவே. எனக்கறியாதா உன்னை?"

குடைக்குள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்கறிக் கூடை தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய கை.

ஜூன் 27, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது! விருப்பப்பட்டவர்களுக்கு ஒரு சீட்டுக்கு இரண்டு வீடு, அடுத்தடுத்து. ஆனால் கீழ்த்தளத்தில் அப்படிக் கிடைப்பது பின்பக்கம் மட்டும். ரோடு தெரியாது. சேச்சியின் வியாபாரம் என்ன ஆகும்? முன்பக்கம் தனியாக எடுங்கள் என்றேன்.

"மிண்டாதே" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

வெயில். குலுக்கல். எங்கள் முறை வந்ததும் மேடம் டப்பாவை அனுவின் சக்கர நாற்காலிக்கே கொண்டுவந்தார். கையை உள்ளே விட்டுக் கொடுத்தேன். ஒரு சீட்டைப் பிடித்தவள் பிடித்தவள்தான், விரலை விரிக்கவில்லை. பின்னால் அத்தனை பேர் வரிசை. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மேடம் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தார். முருகன் குடையை விரித்து அனுவுக்கு நிழல் பிடித்தான். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விரல் தானாக விரிந்தது. கடைசி இரண்டு வீடுகள். மூலை.

"ரோட்டுல இருந்து ரொம்ப உள்ளே சேச்சி" என்றேன்.

"அதுக்கென்ன? கூவினா கேக்காதா?"

அங்கேயே இடுப்பில் கை வைத்துக் கூவிக் காட்டினார்: "வெண்டக்காயேய்! முருங்கக்காயேய்!"

அனு விழுந்து விழுந்து சிரித்தாள். மடியிலிருந்த சீட்டு முழுக்க எச்சில்.