நீ தார் ஊற்ற மறுத்த பெட்டி

இன்று சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். சார்ஜ் ஏறாத என் போனைப் பிரித்து வைத்த கடைக்காரர், சூடான கம்பியை ஈயத்தில் தொட்டார். மெல்லிய புகை எழுந்தது. அந்த ஈயம் பற்றவைக்கும் வாடை மூக்கில் ஏறியதும், நீதான் பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் அடுத்தடுத்த லைன் வீடுகளில் பிறந்தவர்கள் நாம். மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரே இன்வெர்ட்டர் கம்பெனிக்குப் பதினெட்டு வருஷம் சேர்ந்து போய் வந்தோம். நீ சோதனைப் பிரிவில் இருந்தாய். பெட்டியோடு கொடுக்கும் கையேடுகளை எழுதுவது என் வேலை. ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். வெளியில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் அன்றைக்கு நம் இருவருக்கும் இருந்த வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

நம் ஊர் மார்க்கெட் குளிர் அறையின் கதையை உன்னிடமே சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் சொல்கிறேன். எங்கோ வெளிநாட்டில் செய்த அந்த அறையை ஒரு தொண்டு நிறுவனம் நம் காய்க்காரப் பெண்களுக்குக் கொடுத்தது. கூரையில் சோலார் தகடுகள், கீழே ஒரு சின்ன அறை. கரண்ட் பில் இல்லை, புகை இல்லை. முதல் கோடை முழுக்க மத்தியானத்திலேயே வாடிப்போகிற கீரையும் தக்காளியும் மறுநாள் வரை நின்றன. இரண்டாம் கோடையில், வெயில் உச்சத்தில் இருந்தபோது, அறை நின்றுபோனது. செய்த கம்பெனிக்கு எழுதினோம். கட்டுப்பாட்டுப் பெட்டி முழுதும் அங்கிருந்துதான் வர வேண்டும், மாதங்கள் ஆகும், அதுவரை யாரும் திறக்கக் கூடாது என்று பதில் வந்தது. அவர்கள் சொன்ன விலையை மார்க்கெட்டில் எல்லோரும் சேர்ந்தாலும் கொடுக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்குரூ டிரைவரோடு வந்தாய். திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்களே என்று உன் கையைப் பிடித்தேன்.

"இன்னாடி பயப்படற? ஓடாத பொட்டி. தொறந்தா இதுக்கு மேல இன்னா கெட்டுப்பூடும்?" என்றாய்.

உள்ளே சர்க்யூட் பலகை தெரியவில்லை. கறுப்புப் பிசினை மேலே ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். ரோட்டுக்குப் போடும் தார் போல இருந்தது. "யாரும் பாத்துடக் கூடாதுன்னே ஊத்திகீறாங்க" என்றாய். மூன்று ஞாயிறுகள் உட்கார்ந்து அதைச் சுரண்டினாய். விரல் நகங்கள் பிய்ந்தன. கடைசியில் காரணம் தெரிந்தது: குளிர் நாட்டுக்காகச் செய்த பெட்டி, நம் தகரக் கூரையின் சூட்டில் பிசினுக்குள்ளேயே வெந்துபோயிருந்தது.

அதை ரிப்பேர் செய்வதைவிடப் புதிதாகவே ஒன்றைச் செய்யலாம் என்று முடிவு செய்தாய். காற்றுப் போகிற தகரப் பெட்டி, திறந்த பலகை, பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்சாமான் கடைகளில் கிடைக்காத ஒரு சாமானும் உள்ளே இருக்கக் கூடாது. இதுதான் நீ உனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

முதல் முறை அது தோற்றது. மேகம் மறைக்கும்போதெல்லாம் மோட்டார் நின்று நின்று கிளம்பி, இரண்டாம் நாளே பலகை கருகியது. உன்னை நம்பிக் கீரைக்காரக் கோகிலா அக்கா உள்ளே வைத்த கீரைக்கட்டு அத்தனையும் குழைந்துபோனது. நான் என்றால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். நீ நேராக அவர் கடைக்குப் போய், தப்பு என்னுடையது என்றாய். அந்த அம்மாள் உன்னை நிமிர்ந்து பார்த்து, "மறுபடி பண்ணு கண்ணு. அதுவரைக்கும் ஈரச் சாக்கு கீது" என்றார். மறுநாள் ரயில் பெங்களூர் நெருங்கும்போது, "மேகம் போன ஒடனே மோட்டார் கெளம்பக் கூடாது. அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும்" என்றாய். அந்த ஐந்து நிமிஷம்தான் மருந்து. அடுத்த கோடை முழுவதும் அறை நிற்காமல் ஓடியது.

விஷயம் நம் மேனேஜர் காதுக்கும் எட்டியது. அவர் உன்னை அழைத்து, பதவி உயர்வு தருவதாகவும், வரைபடத்தைக் கம்பெனி பெயரில் எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னார். பலகை மேல் பிசின் ஊற்றித்தான் விற்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்றார். அந்த அறையில் நானும் இருந்தேன்.

"மூணு வாரம் அந்தத் தாரைச் சொரண்டினவ நான், சார். மறுபடி நானே ஊத்தணுமா?" என்று கேட்டாய். குரலை உயர்த்தவில்லை.

அந்த மாதக் கடைசியில் உனக்கு வேலை இல்லை. நான் வேலையை விடவில்லை. மேனேஜர் முன்னால் உனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதற்காக நீ ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டியதில்லை. "வெளக்கம் எழுத ஆள் வேணும், நீ வா" என்று மட்டும் கூப்பிட்டாய். நீ வரைந்தாய், நான் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று இணையத்தில் போட்டோம். ஊர்ப் பெண்களின் மிக்ஸியும் ஃபேனும் ரிப்பேர் செய்துதான் நீ பிழைத்தாய்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து ஆமினா என்ற பெண் எழுதியது அதற்குப் பிறகுதான். அவளுக்கு மீன் கெடாமல் இருக்க வேண்டும். நீ சொன்ன ஒரு சாமான் அவள் ஊரில் கிடைக்கவில்லை. பழைய யுபிஎஸ் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டிருந்தாள். உன்னுடையதைவிட அது குறைவாகச் சூடேறியது. வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். நீ என்னைப் போனில் கூப்பிட்டு, "நம்மளவிட நல்லா யோசிச்சிகீறா பாரு" என்று குழந்தை போலச் சிரித்தாய். அடுத்த வரைபடத்தில் அவள் பெயரை உன் பெயருக்கு மேலே போடச் சொன்னாய். உன்னை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, உப்புக் காற்றில் கம்பி இணைப்பு முனைகள் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒரு தீவுக்காரருக்குப் பதில் சொன்னாய். நான் எழுதிக்கொண்டேன். பாதியில் தூங்கிவிட்டாய். மீதியை ஆமினாதான் அவருக்குச் சொன்னாள்.

இப்போது வரும் கேள்விகளுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன். தெரியாததை ஆமினாவிடம் கேட்கிறேன். ஆனால் இன்று உன்னிடம் சொல்ல வந்தது வேறு.

போன வாரம் கம்பெனியில் ஒரு புது சோலார் பெட்டிக்குக் கையேடு எழுதச் சொன்னார்கள். முதல் பக்கத்தில், திறக்கக் கூடாது என்ற வழக்கமான வரி வர வேண்டும். இத்தனை வருஷம் கை தானாக எழுதிய வரி அது. இந்த முறை, சோலார் இணைப்பைத் துண்டித்த பிறகு எப்படித் திறப்பது என்று எழுதினேன். எது முதலில் கெடும், அதற்குப் பதில் கடைத்தெருவில் எதை வாங்கலாம் என்று கடைசியில் நான்கு பக்கம் சேர்த்தேன். எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, இதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டார்.

உன் பெயர் வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் மறுபடியும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றவள் ஆகியிருப்பேன்.

"நான்தான் சார்" என்றேன். அவர் பதில் சொல்லும் வரை அங்கேயே நின்றேன்.