நீ அனுப்பிய பாட்டில் சோபா இல்லை

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அவளுடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. உன் நலத்தை நீதான் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய இரண்டு மென்பொருளில் எது நல்லது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நாற்பது வருஷம் மைக் செட் கட்டியவன் சும்மா இருப்பேனா, நீ அனுப்பிய பாட்டையே இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். "ரிட்டயர் ஆனப்புறம்தான் இந்த மனுஷன் ஓவர்டைம் பாக்குறாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விலைக்கு வாங்குவது பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. முப்பது நாள் இலவசமாம். சும்மா கொடுக்கிறவனுக்கு என் கார்டு நம்பர் எதற்கு? நான் கொடுக்கவில்லை, கணினி ரிப்பேர்க் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். "என்னையாவது நம்புவீங்களா சார்" என்று கடைக்காரர் கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் ஒரு பட்டனைத் தட்டினால் விலகிய சுருதி தானாகச் சேர்ந்துகொள்கிறது, இன்னொன்றைத் தட்டினால் அறையின் எதிரொலியே காணாமல் போகிறது. இப்படித் துடைத்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இலவசமானது அசமந்தம், பாடினால் குரல் காதுக்கு அரை நொடி கழித்துத் திரும்பி வருகிறது. ஆனால் உள்ளதை உள்ளபடி கேட்க வைக்கிறது. அதில்தான் உன் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டேன்.

குட்டி, உன் அறையில் சோபா இல்லை. திரைச்சீலையும் இல்லை. போன வருஷம் அதே அறையில் நீ பாடியது என்னிடம் இருக்கிறது, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், இந்தத் தடவை சுவர் எதிரொலிக்கிறது. நிறைந்த மண்டபத்துக்கும் காலி மண்டபத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் மைக் டெஸ்டிங் சொன்னேன்? அப்புறம் அந்தக் கிட்டார். மாப்பிள்ளை வாசித்தார் என்று எழுதியிருந்தாய். அவர் இரண்டாவது சரணம் வந்தாலே பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடுவார், நானே எத்தனை தடவை முறைத்திருக்கிறேன். இதில் ஓர் இடத்தில்கூட ஓடவில்லை, திரையில் ஒவ்வொரு மீட்டலும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. மென்பொருளே வாசித்திருக்கிறது. போனில் கேட்டால் குளிக்கிறார் என்கிறாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று வேறு நேரத்தில் கூப்பிட்டேன், மூன்று தடவையும் குளிக்கிறார். ஒரு மனுஷன் எவ்வளவுதான் குளிப்பான்?

யார் மேல் தப்பு என்று விசாரிக்க நான் எழுதவில்லை. அந்த வெற்று அறையில் நீ தனியாக நின்று பாடியிருக்கிறாய், அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஹெட்போனைப் பிடுங்கி ஒரே தடவை கேட்டுவிட்டு, "இவ அழுதுட்டு வந்து பாடியிருக்கா" என்றாள். சளியாக இருக்கும் என்றேன். உன் பழைய அறையைப் பெருக்கப் போய்விட்டாள், முழங்கால் வலியோடு.

மென்பொருளில் இலவசமானதையே வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, கதவைத் தாழ் போட்டுத் தூங்கு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்துவிட்டு, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு அடுத்த பாட்டைப் பாடி அனுப்பாதே, எதிரொலியை அமுக்கும் அந்த வித்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். மாப்பிள்ளையைக் கேட்க மாட்டேன், உன்னோடுதான் பேச வேண்டும்.

அன்போடும் சந்தேகத்தோடும்,
அப்பா