குளோரைடு இல்லாமல்

மார்ச் 4

அன்புள்ள குள்ளிக்கு,

இத்தனை வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும், உறையைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பாய். பிரித்ததற்கு நன்றி.

ஆராய்ச்சி மாணவிகளாக நாம் ஒரே மேசையில் நின்று தொடங்கிய வேலை முடிந்துவிட்டது. கொழுப்பு அமிலத்தோடு கிளைசினைச் சேர்த்து, குழந்தையின் கண்ணில் பட்டாலும் எரியாத நுரைப்பொருள் செய்ய முயன்றோமே, அதுதான். கொழுப்பு அமிலத்தை முதலில் குளோரைடாக மாற்றினால்தான் அது கிளைசினோடு சேரும் என்று அப்போது நினைத்தோம். இனி அந்த ஆவி பறக்கும் குடுவையே வேண்டாம். ஒரு நொதி, கை பொறுக்கும் அளவுக்குச் சூடு, தண்ணீர் கொஞ்சமாக. அது போதும். அவசரப்படுத்தினால் மட்டும் முரண்டு பிடிக்கும், நம் பேராசிரியர் மாதிரி.

நேற்று கரைசலில் வளையத்தை முக்கி மெல்ல இழுத்து அளந்தேன். நீரின் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நாம் தேடிய நுரைப்பொருள் இதுதான். "பார்த்தியாடி" என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒரு மாணவி நின்றாள்.

கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். இங்கே ஓர் இடமும் காலியாக இருக்கிறது. திரும்பி வா. இனி பயப்பட இங்கே எதுவும் இல்லை.

உன் நெட்டை

மார்ச் 19

நெட்டைக்கு,

கட்டுரையை முழுவதும் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. நொதியைச் சின்ன மணிகளில் ஒட்டவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் யோசனை உன்னுடையதாகத்தான் இருக்கும். ஒரு பென்சிலைக்கூட முழுசாகத் தேயும்வரை விடமாட்டாயே.

ஆனால் நான் பயந்துபோய் விட்டுவந்தேன் என்று உனக்கு யார் சொன்னது?

குடுவையின் மூடி தெறித்து, அந்த ஆவி என் நெஞ்சுக்குள் போன அன்று, குடுவையைப் பார்த்துக்கொள்வது உன் முறை. தலைவலி என்றாய். "நீ போய்ப் படுடி, நான் பார்த்துக்கறேன்" என்று நான்தான் அனுப்பினேன். அதற்காக உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் வந்தால் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அம்மா கேட்பாள், "எங்கடி உன் கூட்டாளி?"

"அவளுக்குப் பரீட்சைம்மா."

"ஆராய்ச்சி பண்றவளுக்கு மாசக்கணக்கா என்னடி பரீட்சை?"

பிறகு அம்மாவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

உன் கடிதத்தில் நொதிக்கு எவ்வளவு சூடு ஒத்துக்கொள்ளும் என்பதுவரை இருக்கிறது. எனக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

நான் இப்போது பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இது போதும். என் பெயரை எடுத்துவிடு. நான் அங்கே வரமாட்டேன். நீயும் இங்கே வராதே.

குள்ளி

ஏப்ரல் 2

அன்புள்ள குள்ளிக்கு,

உன் பெயரை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அந்தக் கட்டுரையைத் தொடவே பிடிக்கவில்லை.

எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாம் சாக்குப்போக்காகவே வந்தது. அந்த வேலையைச் சரிசெய்துவிட்டு உன் முகத்தில் விழிக்கலாம் என்று இருந்துவிட்டேன். முதலில் உன்னை வந்து பார்த்திருக்க வேண்டும். வேலை எங்கே ஓடிவிடப் போகிறது?

மூச்சு விட முடிகிறதா உனக்கு?

நெட்டை

ஜூன் 11

நெட்டைக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. மாடி ஏறினால் நடுவில் நிற்க வேண்டும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், என் பையைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடிவிடுவார்கள். குரலை உயர்த்த முடியாததால் வாலுப் பையன்களை எல்லாம் முன்வரிசையில் உட்கார்த்தியிருக்கிறேன். பாட்டை விட்டாயிற்று. வீட்டில் யாரும் இல்லாதபோது ஓரிரு வரி பாடிப் பார்ப்பேன், இரண்டாவது வரியிலேயே இளைக்கும்.

உன் கடிதம் இத்தனை நாளாக மேசைமேல்தான் இருந்தது. "வா" என்று எழுதக் கை வரவில்லை. பதில் போடாமல் விடவும் மனசு கேட்கவில்லை.

கட்டுரை அச்சில் வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். யார் செய்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி என்று சொல்வேன்.

இப்போதைக்கு அவ்வளவுதான் வருகிறது.

குள்ளி