தண்ணீரில் இறங்கிய அலுமினியம்

செவ்வாய்க்கிழமை, திண்டிவனம்.

விழுப்புரம் கல்லூரி ஆய்வகத்தில் இன்று முடிவு வந்தது. நான் செய்த சிலிக்கா தூள் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்கிறது. அதற்காகத்தான் அதன் நுண்துளைகளில் அலுமினியத்தைச் சேர்த்தேன். ஆனால் அந்த அலுமினியம் துளைச் சுவரில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குகிறது.

அந்தத் தூளை அடைத்த வடிகட்டி ஒன்று பெருமுக்கலில் மல்லிகா அக்கா வீட்டில் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று அக்கா கேட்டாள், நானும் பெருமையாகக் கொடுத்தேன். அவள் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸில் இருக்கிறார். உள்ளே போகும் அலுமினியத்தை அவர் உடம்பால் வெளியேற்ற முடியாது.

கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தத் தண்ணிய இனிமே மாமாவுக்குக் குடுக்காத. அதுல அலுமினியம் கலக்குது."

அக்கா திட்டவில்லை. "இத்தினி நாளா அதத்தான குடிச்சிக்கினு இருந்தாரு. ஒன்னும் ஆவாதில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலக்கா. ரத்தம் டெஸ்ட் பண்ணாதான் தெரியும்."

உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டார். "மல்லிகா, தொண்ட காயுது. ஒரு வாய் தண்ணி குடு."

அக்கா சொம்பை எடுத்தாள். வடிகட்டியைப் பார்த்தாள், போர்வெல் குழாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கடைக்கு ஓடிப் போய் ஒரு கேன் தண்ணீர் வாங்கி வந்தேன்.

மாமா குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் தண்ணி மாரி ருசி இல்லம்மா இது."

அவரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. காலையில் ரத்தப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். போகிற வழியில் சொல்லியாக வேண்டும்.